முருங்கன் பக்கத்துக் குழிச்சூளை: உடைந்த ஓடுகளைத் தரம் பிரித்துப் பார்த்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வன்னிப் பெருநிலப்பரப்பின் மேற்கு ஓரத்தில், மன்னார் மாவட்டத்து முருங்கனைச் சுற்றியுள்ள வயல் ஊர்களில் ஒன்றில் இது நடந்தது. ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். 2009க்குப் பிறகு மீளக்குடியேறிய ஐந்து பெண்கள் சேர்ந்து அங்கே மட்பாண்டம் செய்கிறார்கள். மூத்தவர் குயவர் குடும்பத்தில் பிறந்தவர், ஊருக்கே ஆச்சி. மற்ற நால்வரும் அவரிடம் பழகியவர்கள். ஆச்சியின் பேரன் கைப்பணிப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு வந்து கூட நின்று உதவுகிறார்.

வழக்கமாக அவர்கள் செய்வது கறிச்சட்டி, முட்டி, பொங்கல் பானை, கார்த்திகை விளக்கீட்டுக்குச் சிட்டி. தரையில் விறகும் எருவும் அடுக்கி, வைக்கலால் மூடி, மேலே சேறு பூசிச் சுடுவார்கள். எல்லாம் சிவப்பாக வரும். அந்த வருடம் கொழும்பிலுள்ள கைப்பணிக் கடை ஒன்று புகையேறிக் கறுத்த பூச்சாடிகளும் அகல் கிண்ணங்களுமாக 60 உருப்படி கேட்டது. விலை, கறிச்சட்டியின் விலையைப்போலப் பல மடங்கு. இப்படியான கறுப்புக்கு மேல்சூளை உதவாது. கிடங்கில், அதாவது நிலத்தில் வெட்டிய குழியில், வைத்துச் சுட்டு, சூடு தணியுமுன் காற்றை அடைத்துப் புகைக்க வேண்டும்.

கிடங்குச் சூளை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மன்னாருக்குத் தெற்கே, இறந்தவர்களைத் தாழிகளில் வைத்துப் புதைத்த பழைய இடமான பொம்பரிப்புத் தாழிக்காட்டில் கிடைத்தவற்றில் உட்புறம் கறுத்து வெளிப்புறம் சிவந்த பாண்டங்கள் உண்டு. பாண்டத்தைக் கவிழ்த்து, வாயை உமியிலோ சாம்பலிலோ புதைத்துச் சுட்டால் இந்த இருநிறம் வரும் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். முருங்கனுக்குப் பக்கத்திலேயே, கட்டுக்கரைக் குளத்தையடுத்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் நடந்த அகழ்விலும் சுடுமண் உருவங்கள் நிறைய வந்தன. ஆச்சியின் பேரன் இதைப் படித்திருந்தார். "எங்கட ஆக்கள் எப்பவோ செய்ததுதானே" என்ற துணிவில்தான் ஓடர் எடுக்கப்பட்டது.

மண்ணைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். முருங்கன் பக்கத்து நிலம் கறுத்த களி. மழைக்கு வீங்கும், கோடையில் கால் புதையுமளவுக்கு வெடிக்கும். 1990இல் மூடப்படுவதற்கு முன்னர் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்குக் களிமண் போனது இங்கிருந்துதான். இந்தக் களியில் பல இடங்களில் சுண்ணாம்பு முடிச்சுகள் கலந்திருக்கும். சில மிளகளவு, சில கடலையளவு. ஆச்சி இதுவரை மண் எடுத்துவந்த சிறுகுளத்தில் அவ்வருடம் புனரமைப்பு வேலை நடந்தது. அங்கே போக முடியாததால் வாய்க்கால் கரையொன்றிலிருந்து மண் வந்தது. அதில் வெள்ளைப் பொட்டுகள் இருந்ததை எல்லாரும் கண்டார்கள். பெரிய கற்களைக் கையால் பொறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை மிதித்துப் பிசைந்தார்கள்.

கிடங்குக்கு இடம் தெரிந்தது

வன்னியில் சூளை வைப்பவர், போர் நடக்காத ஊர்களில் எழாத ஒரு கேள்வியை முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. வெட்டும் நிலத்துக்குள் என்ன கிடக்கிறது? கண்ணிவெடி அகற்றிய காணியிலும் துப்பரவு குறிப்பிட்ட ஓர் ஆழம்வரைதான் நடந்திருக்கும். குழிச்சூளைக்கோ இரண்டு மூன்று அடி வெட்ட வேண்டும். அதற்கும் கீழே மணிக்கணக்காகச் சூடு இறங்கும். குப்பைக்கு வைத்த நெருப்பில் நிலத்துக்குள் கிடந்தது வெடித்த கதை இங்கே எல்லா ஊரிலும் உண்டு.

பேரன் முதலில் காட்டியது வீட்டுக்குப் பின்னாலிருந்த பற்றைக்காணி. ஒதுக்குப்புறம், காற்று மறைவு, நல்ல இடம்தான். பெண்களில் ஒருவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபின் அந்தக் காணியில் மண்வெட்டி பட்டதேயில்லை என்பது அவர் சொன்ன காரணம். கடைசியில் தெரிவானது ஊர் எல்லையில் முன்பு செங்கல் சூளை இருந்த இடம். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு பல கோடைகள் அங்கே கல் அறுத்து, மண் தோண்டி, பெருநெருப்பு மூட்டியிருக்கிறார்கள். நாலு பக்கமும் வெட்டை, தென்மேற்குக் காற்றான சோளகம் நேராக அடிக்கும். அப்படியிருந்தும் அங்கேயே வெட்டினார்கள். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகச் சரியானது இதுதான் என்பது என் எண்ணம். உடைந்த சட்டியைத் திரும்பச் செய்யலாம்.

முதல் சூளை

ஆடி மாதம். கிடங்கு ஐந்தடி நீளம், நாலடி அகலம், இரண்டரை அடி ஆழம். அடியில் ஒரு சாண் உமி, அதன்மேல் காவோலை, பிறகு பாண்டங்கள், இடைவெளிகளில் எருவும் பொச்சுமட்டையும், மேலே விறகு. உள்ளே போனவை 44 உருப்படி. வனைந்து நாலு நாள் வெயிலில் காய்ந்தவை. மேல் தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருந்தன.

முற்பகலில் அடியிலிருந்து நெருப்பு வைத்தார்கள். காவோலை ஒரே மூச்சில் பற்றியது. பத்து நிமிடத்துக்குள் கிடங்குக்குள் வெடிச்சத்தம் தொடங்கியது. ஆச்சி காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றார். "தண்ணி வெடிக்குது" என்று மட்டும் சொன்னார். தென்மேற்குப் பக்கம் தீ சீறிக்கொண்டு எரிந்தது. எதிர்ப்பக்கம் புகைந்துகொண்டே கிடந்தது.

பின்னேரம் விறகு தணலானதும் ஈர உமியைக் கொட்டி, தகரம் போட்டு, விளிம்புகளுக்கு மண் அணைத்துக் காற்றை அடைத்தார்கள். மைமலுக்குள் பேரன் ஒரு பக்கத் தகரத்தைத் தூக்கினார். கறுப்புப் பிடித்துவிட்டதா என்று பார்க்கும் ஆவல். உள்ளே சாடிகள் மங்கிய சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தன. உடனே மூடிவிட்டார். அடுத்த நாள் காலை சூளை பிரித்தபோது 17 உடைந்திருந்தன. முழுதாக வந்த 27இலும் பாதிக்குமேல் எதிர்பார்த்த கறுப்பு இல்லை. தென்மேற்குப் பக்கத்தவை செங்கல் நிறத்தில் வெளிறி நின்றன.

காற்று, ஈர உமி, கண்ணூறு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒரு கிழமைக்குள் அடுத்த அடி விழுந்தது. நல்லதென்று எடுத்துவைத்த 27இல் 11 சாடிகளின் மேற்தோல் சின்னச் சின்னப் பொருக்காகக் கழன்றது. இரவில் அலுமாரிக்குள் 'டிக்' என்று சத்தம் கேட்டதாக ஒரு பெண் சொன்னார்.

ஓடுகளைத் தரம் பிரித்தது

உடைந்தவற்றை வழமைபோல வேலியோரம் கொட்டப் போனார்கள். நான் கேட்டுக்கொண்டதன் பேரில், ஓர் ஓடும் விடாமல் உரப்பையில் கட்டிவைத்தார்கள். பிறகு முற்றத்தில் பாய் விரித்து எல்லாவற்றையும் பரப்பினோம்.

ஓட்டின் உடைந்த விளிம்பைத்தான் பார்க்க வேண்டும். புகைக்கு முன்னர் உடைந்த துண்டுக்கு விளிம்பிலும் புகை ஏறியிருக்கும், முகப்பும் விளிம்பும் ஒரே கறுப்பு. ஆறும்போது உடைந்த துண்டுக்கு விளிம்பு துப்புரவாக, கூராக, உள்மண்ணின் நிறத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். சூளைக்குள் யாரும் இறங்கிப் பார்க்க முடியாது. எந்த நேரத்தில் உடைந்தது என்பதை இந்த விளிம்பு சொல்லிவிடும்.

அப்படிப் பிரித்ததில் ஒன்பது உருப்படிகளின் ஓடுகள் விளிம்பு கறுத்தவை. பெரும்பாலானவை தட்டையாக, பப்படம்போலத் தோல் உரிந்தவை. அநேகம் சாடிகளின் அடிப்பகுதி, அதாவது மண் அரை அங்குலத்துக்கு மேல் தடித்திருந்த இடம். ஆச்சி காதால் கேட்டுச் சொன்னது சரிதான். மேல் காய்ந்து உள்ளே ஈரம் நின்ற மண்ணில், 100 பாகை செல்சியஸைத் தாண்டியதும் நீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் தோலைத் தள்ளியிருக்கிறது. இந்தக் கறுத்த களி நீரை இறுக்கிப் பிடிக்கும். குளத்து மண்ணுக்குப் போதுமான நாலு நாள் இதற்குப் போதாது.

ஆறு உருப்படிகள் விளிம்பு துப்புரவானவை. வாயிலிருந்து வயிறுவரை நீண்ட வெடிப்பு. இந்த ஆறு உருப்படிகளும் தகரம் தூக்கிய பக்கத்தில் இருந்தவை. மண்ணிலும் மணலிலும் உள்ள படிகக்கல் (குவார்ட்ஸ்) 573 பாகையில் சடுதியாக விரியும், ஆறும்போது அதே இடத்தில் சடுதியாகச் சுருங்கும். இருட்டில் மங்கிய சிவப்புத் தெரிகிறதென்றால் பாண்டம் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் நிற்கிறது. அந்த நேரம் பார்த்துச் சோளகம் உள்ளே புகுந்தால் ஒரு பக்கம் சுருங்கும், மறுபக்கம் சுருங்காது. கறுப்புக் குறைந்ததற்கும் ஒரு காரணம் இதுவே. புகைக்கறுப்பு என்பது மண்ணின் நுண்துளைகளில் படிந்த கரி. சூடாக இருக்கும்போது காற்றுப் பட்டால் கரி எரிந்துபோகும், மண்ணிலுள்ள இரும்பு பழையபடி சிவக்கும்.

மிச்சம் இரண்டும் விறகு சரிந்து நசுங்கியவை. அதில் ஆராய ஒன்றுமில்லை.

அலுமாரிக்குள் பொருக்குக் கழன்ற 11 சாடிகள் தனிக்கதை. ஒவ்வொரு குழியும் கிண்ணம்போலக் குழிந்திருந்தது. நடுவில் வெள்ளைப் பொட்டு, கடுகளவு அல்லது கொஞ்சம் பெரிது. நகத்தால் சுரண்டினால் மாவாக வந்தது. மீந்த பச்சைமண்ணில் இருந்த வெள்ளை முடிச்சு ஒன்றை நசுக்கி, கள்ளு வினாகிரி இரண்டு சொட்டு விட்டோம். நுரைத்தது. சுண்ணாம்பேதான். சூளைச் சூட்டில் அது நீறாகிவிடும். பிறகு காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துப் பூக்கும், பூக்கும்போது பருக்கும். சுட்ட மண்ணோ இறுகிவிட்டது, விலகிக் கொடுக்காது. அதனால்தான் சுட்டு நாட்கள் கழித்து, யாரும் தொடாமலே, தோல் தெறிக்கிறது.

ஆக, நெருப்பின் தலையில் போட்ட பழியில் பாதி மண்ணுக்கும் சரியாகக் காயவைக்காததற்கும் உரியது. காற்றைத் திட்டிக்கொண்டு அடுத்த சூளையை வைத்திருந்தால் இதே முடிவுதான் வந்திருக்கும்.

எடுத்த முடிவுகள்

முதலில் மண். குளம் திறபடக் காத்திருக்க ஓடர் இடம் தராது. ஆகவே அதே வாய்க்கால் மண்ணைத் தொட்டியில் கரைத்து, கூழாக்கி, நுளம்பு வலையை இரண்டாக மடித்து வடித்தார்கள். மா போலிருக்கும் சுண்ணாம்பு வலைக்குள்ளால் போகும்தான். அது தீங்கில்லை, மணியாக நிற்பதுதான் தெறிக்க வைக்கும். வடித்த களி அதிகம் சுருங்கும் என்பதால் ஐந்து பங்குக்கு ஒரு பங்கு ஓட்டுத்தூள் சேர்த்தார்கள். அந்தத் தூளுக்குப் பழைய குளத்து மண் சட்டிகளின் ஓடுகளை மட்டும் இடித்தார்கள். வாய்க்கால் மண் ஓடுகளை இடித்தால் வடித்தெடுத்த சுண்ணாம்பைத் திரும்பவும் உள்ளே போட்டதாகிவிடும்.

அடுத்தது காயவைப்பது. அடியைச் சுரண்டி மெலிதாக்கினார்கள். ஒரு கிழமை நிழலிலும் பிறகு வெயிலிலும் வைத்தார்கள். காய்ந்ததா என்று பார்க்க ஆச்சியிடம் ஒரு பழக்கம் உண்டு. சாடியின் அடியைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. வெயிலில் நின்ற சாடியில் இது தெரியாது, அதிகாலையில் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். முதல் சூளைக்கு முன் அவரைப் பார்க்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

நெருப்பை மேலிருந்து கீழே இறங்கவிடுவதென்று தீர்மானித்தார்கள். காவோலையை அடியிலிருந்து எடுத்துவிட்டு, மேலே மூட்டினால் தீ மெல்ல இறங்கும். அதற்கும் முன்னர் சாடிகளைக் கிடங்கைச் சுற்றி வைத்து, நடுவில் சிறு தணல் போட்டு, இரண்டு மூன்று மணித்தியாலம் அனல் காட்டுவது. தென்மேற்கே பழைய தகரங்களை நட்டு மறைப்புக் கட்டினார்கள். மூடிய தகரத்தை அடுத்த நாள் மதியம்வரை யாரும் தொடுவதில்லை என்று சொல்லிவைத்தார்கள்.

சுண்ணாம்புக்கு ஆச்சி இன்னொரு கைவைத்தியம் சொன்னார். சூளை பிரித்த கையோடு, பாண்டம் இளஞ்சூட்டில் இருக்கும்போதே தண்ணீரில் முழுதாக அமிழ்த்திவிட வேண்டும். நீறிய சுண்ணாம்பு ஒரேயடியாகத் தண்ணீரைக் குடித்துக் கூழாகிவிட்டால் பிறகு தெறிக்காது. பேரனுக்கு இது பிடிக்கவில்லை, கறுப்புக் கழுவுப்பட்டுப் போகும் என்றார். ஆளுக்குப் பாதி என்று முடிவாயிற்று.

மயில்துத்தம் பற்றிய பேச்சு

பேரன் பார்த்த காணொளிகளில் கிடங்குக்குள் மயில்துத்தம் என்ற செப்புச் சேர்ந்த மருந்தும் உப்பும் தூவுகிறார்கள். செப்பு ஆவியாகிப் பாண்டத்தில் செம்மையும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாகப் படியும். அழகாகத்தான் இருக்கும். நகரத்தில் இதற்கு நல்ல விலை.

ஆச்சி கேட்டார்: "தம்பி, உந்த மருந்தைப் போட்ட கிடங்கிலதானே நாளைக்குக் கறிச்சட்டியும் சுடுவாய்? அதில ஆர் பிள்ளைக்குச் சமைச்சுக் குடுக்கிறது?"

பேரன் வேறு கிடங்கு வெட்டலாம் என்றார். அந்தப் புகையைச் சுவாசிப்பது யார் என்று மற்றப் பெண்கள் கேட்டார்கள். உப்பும் செப்பும் சேர்ந்தெரியும் புகை நெஞ்சுக்குக் கூடாது, சாம்பலை வயல்பக்கம் கொட்டவும் முடியாது. இதைச் செய்பவர்கள் சுவாசக் கவசம் போட்டுக்கொண்டுதான் செய்கிறார்கள். இங்கே துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். வேண்டாம் என்று முடிவானது. பேரனுக்கு மனத்தாங்கல் இருந்தது, மறைக்கவில்லை. அவருடைய ஆசையையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஊரிலேயே இருந்து இந்தத் தொழிலைச் செய்ய நினைக்கும் இளைஞர் அங்கே அவர் ஒருவர்தான்.

நிறத்துக்குப் பதிலாக மினுக்கத்தைப் பிடித்தார்கள். அரைக்காய்ச்சலில் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து முகப்பை மூடினால், அதன்மேல் ஏறும் புகை கண்ணாடிபோல நிற்கும். குழிச்சூளையின் குறைந்த சூட்டில் அந்த மினுக்கம் அழியாது. ஒரு சாடிக்கு ஒரு பின்னேரம் போகும். வாயை உமியில் புதைத்து உள் கறுப்பு, வெளிச் சிவப்பாகவும் சிலவற்றைச் சுட்டார்கள். கடை கேட்காத உருப்படி அது.

இரண்டாம் சூளை

ஆவணி நடுப்பகுதியில் 40 உருப்படிகளோடு வைத்தார்கள். காலையிலிருந்து அனல் காட்டி, மத்தியானத்துக்குமேல் மூட்டினார்கள். வெடிச்சத்தம் இரண்டு தடவைதான் கேட்டது. தீ இறங்க நேரமெடுத்தது, மூடும்போது இருட்டிவிட்டது.

அந்த இரவு காற்று விழுந்துவிட்டது. மூடிய கிடங்கிலிருந்து கசிந்த புகை மேலே ஏறாமல் நிலத்தோடு படிந்து, கிட்டவிருந்த வீடுகளுக்குள் போனது. ஒரு வீட்டில் மூச்சிழுப்புள்ள பிள்ளை. இரவோடிரவாக ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஆவி பிடித்து விடியத் திரும்பினார்கள். தாய் சூளையடிக்கு வந்து கோபத்தோடு பேசினார். பெண்கள் மறுபேச்சுப் பேசவில்லை. அடுத்தடுத்த நாட்களில் அந்த வீட்டுக்குப் போய்க் கதைத்தார்கள்.

மதியம் பிரித்தபோது உடைந்தவை நாலு. 36 முழுதாக வந்தன, கறுப்பு ஆழமாக ஏறியிருந்தது. பாதியை, அதாவது 18ஐ, தண்ணீரில் அமிழ்த்தினார்கள். சீறிக்கொண்டு குமிழிவிட்டன. கறுப்புப் போகவில்லை. கரி உள்ளே ஏறியிருப்பதால் போகவும் மாட்டாது. ஒரு மாதம் பார்த்தபோது அமிழ்த்தாத 18இல் மூன்றில் தோல் தெறித்தது. அமிழ்த்தியவற்றில் ஒன்றுகூட இல்லை. வலையில் வடித்தது பெரும்பகுதிக் குறையைத் தீர்த்தது, மிச்சத்தைத் தண்ணீர் தீர்த்தது. அமிழ்த்தியவற்றை நன்றாக உலர்த்தி, தேன்மெழுகு பூசித் துடைத்தார்கள்.

பிறகு நடந்தவை

இரண்டாம் சூளையில் தெறித்த மூன்றும் போக, 60க்கு 33தான் கைக்கு வந்தது. கடை ஏற்றுக்கொண்டது. உள் கறுத்து வெளி சிவந்த சாடிகளைக் கண்டு, அடுத்த தடவை அவற்றைக் கூடுதலாகக் கேட்டிருக்கிறது. பெட்டிக்குள் ஒரு துண்டு எழுதி வைத்தார்கள்: இவை குறைந்த சூட்டில் சுட்டவை, தண்ணீர் கசியும், பூவுக்குத் தண்ணீர் ஊற்றுவதானால் உள்ளே கண்ணாடிக் குவளை வைக்கவும், சமையலுக்கோ உணவு வைக்கவோ அல்ல. கடைக்காரர் அதை எடுத்துவிடச் சொன்னார், விற்பனை குறையுமாம். பெண்கள் எடுக்கவில்லை.

வருமானம் எண்ணியதில் பாதியளவு. முதல் சூளையின் விறகும் கூலியும் போக, கறிச்சட்டி செய்திருந்தால் வந்திருக்கக்கூடியதை விடக் கொஞ்சம்தான் கூட. ஐப்பசியில் மழை பிடித்துவிட்டது. கிடங்கில் தண்ணீர் நின்றதால் மூன்றாம் சூளை வைக்கவில்லை. மீதி உருப்படிகள் பங்குனிக்குப் பிறகு என்று பேசியிருக்கிறார்கள்.

இனி மாற்ற வேண்டியவை

புதிய இடத்து மண் என்றால், வனையுமுன் சின்ன வில்லைகள் செய்து சுட்டு, பத்து நாள் வெளியில் வைத்துப் பார்ப்பது. வினாகிரிச் சொட்டுக்கு ஒரு நிமிடம் போதும். இந்த இரண்டும் நடந்திருந்தால் முதல் சூளையின் 11 சாடிகள் மிஞ்சியிருக்கும். பழைய குளத்து மண்ணுக்குக் கமநல சேவை நிலையத்தில் எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். தொழிலாக அளவு கூடும்போது 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிய வளங்கள் சட்டமும் குறுக்கே வரும். வாய்க்கால் கரையில் வாய்மொழியாகக் கேட்டு எடுத்ததுபோல இனி எடுக்க முடியாது.

புகைக்கு இன்னும் முழுத் தீர்வு இல்லை. விடியற்காலையில் அனலைத் தொடங்கி, காற்று நன்றாக வீசும் நண்பகலுக்குள் மூடிவிட்டால் இரவுப் புகை குறையும். ஆனால் நண்பகல் காற்றுத்தான் சூளையை ஒருபக்கம் எரிய வைக்கிறது. தகர மறைப்பை இன்னும் உயர்த்துவது, கிடங்கை நீளவாட்டில் காற்றுக்குக் குறுக்கே வெட்டுவது என்று யோசிக்கிறார்கள். சூளை வைக்கும் நாளை இரண்டு நாள் முன்னதாக அந்தத் தாய்க்குச் சொல்வதென்றும், பிள்ளைக்கு இழுப்பு இருக்கும் நாளில் வைப்பதில்லை என்றும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உடைந்த ஓடுகளுக்கு இப்போது மூன்று உரப்பைகள் இருக்கின்றன: விளிம்பு கறுத்தது, விளிம்பு வெளுத்தது, வெள்ளைப் பொட்டு உள்ளது. மூன்றாவது பையில் உள்ளதை இடிப்பதில்லை. பிரித்துப் போடும் பொறுப்பைப் பேரன் எடுத்திருக்கிறார்.